ராஸ்பெர்ரி பையில் ரிஸ்க் ஓஎஸ்: கிராஷ் ஆனால் எங்கே பார்ப்பது?

ராஸ்பெர்ரி பை எனும் ஒற்றைப் பலகைக் கணினியை வாங்கினால் லினக்ஸ் ஏற்றுவதுதான் வழக்கம். அதே பலகையில் ரிஸ்க் ஓஎஸும் ஓடும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏக்கார்ன் நிறுவனம் 1987இல் ஆர்க்கிமிடீஸ் கணினிக்கு ‘ஆர்தர்’ என்ற பெயரில் கொடுத்த இயங்குதளம், 1989இல் ரிஸ்க் ஓஎஸ் 2 ஆக வளர்ந்தது. ஏஆர்எம் ப்ராசஸர் பிறந்ததும் அதே நிறுவனத்தில்தான். 2018இல் இதன் மூலநிரல் அப்பாச்சி உரிமத்துக்கு மாறியது. அதன்பின் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம். இங்கே சொல்வதெல்லாம் 2024இல் வந்த 5.30 பதிப்பை வைத்து.

லினக்ஸோ விண்டோஸோ பழகிய கை இதில் முதல் மணி நேரத்திலேயே இடறும். பழகிய பிறகும் கிராஷ் வரும், ஏனென்றால் அடிப்படை 80களின் வடிவமைப்பு. ஒரு புரோகிராம் தப்பு செய்தால் திரை முழுக்க நிற்கும். ஆனால் மொத்த அமைப்பும் சிறியது, ஒரே ஆள் மண்டைக்குள் அடங்கும். அதனால் ‘எந்தக் கட்டத்தில் விழுந்தது’ என்று பார்க்கப் பழகினால் போதும், குற்றவாளி பெரும்பாலும் அங்கேயே இருப்பான். அந்தத் தேடலிலேயே இயங்குதளத்தில் பாதியைக் கற்றுவிடலாம்.

கட்டளைகள், கோப்புப் பெயர்கள் எல்லாவற்றையும் இங்கே ஒலிப்புப்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்துதான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் கிடையாது; பின்னால் வரும் பேசிக் நிரல்மொழிக்குள் மட்டும் பெரிய எழுத்திலேயே தட்ட வேண்டும். ஸ்பெல்லிங் சந்தேகம் வந்தால் ‘ஹெல்ப் கமாண்ட்ஸ்’ என்று தட்டுங்கள், எல்லாக் கட்டளைகளும் பட்டியலாக வரும்.

எந்தப் பலகை, என்னென்ன பாகம்

பை 3 அல்லது பை 4 எடுப்பது நல்லது. ஜீரோவிலும் பை 1, 2இலும் ஓடும். பை 5இல் நேரடியாக ஓடாது, அதற்காக மெனக்கெட வேண்டாம். ரிஸ்க் ஓஎஸ் முழுக்க 32 பிட் ஏஆர்எம் நிரல். பை 5இன் ப்ராசஸர் 32 பிட் நிரலைச் சாதாரணப் பயனர் மட்டத்தில் மட்டும்தான் ஏற்கும். இயங்குதளம் உட்கார வேண்டிய மேல் மட்டங்கள் 64 பிட்டுக்கு மட்டுமே. எந்த அமைப்பை மாற்றினாலும் இது மாறாது.

பவர் சப்ளை: பை 3க்கு 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர். பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர். செல்போன் சார்ஜர் வேண்டாம். சார்ஜர் நல்லதாக இருந்தாலும் மெல்லிய கேபிளிலேயே அரை வோல்ட் காணாமல் போகும்.

மெமரி கார்டு 4 ஜிபி இருந்தாலே மிச்சம். ரிஸ்க் ஓஎஸ் பை இமேஜ் ஏறத்தாழ 2 ஜிபி அளவு டிஸ்க்கைத்தான் உருவாக்கும். 32 ஜிபி கார்டில் எழுதிவிட்டு ‘மீதி எங்கே’ என்று தேட வேண்டாம், கார்டில் கோளாறு இல்லை. ராஸ்பெர்ரி பை இமேஜர் மென்பொருளின் பட்டியலிலேயே இந்த இமேஜ் இருக்கிறது.

மவுஸில் மூன்று பட்டன் கட்டாயம். சக்கரம் உள்ள மவுஸில் சக்கரத்தை அழுத்தினால் அது நடுப் பட்டன். கீபோர்டில் ‘பாஸ் பிரேக்’ கீ இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். சின்ன கீபோர்டுகளில் அதை எடுத்துவிடுகிறார்கள். ஹேங் ஆன நேரத்தில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த ஒரு கீதான்.

கட்டம் 1: திரையில் ஒன்றுமே வரவில்லை

இங்கே ரிஸ்க் ஓஎஸை இன்னும் சந்தேகிக்க வேண்டாம். பலகையின் பச்சை விளக்கைப் பாருங்கள். நின்று நின்று 4 முறை மின்னினால் ‘ஸ்டார்ட்’ என்று தொடங்கும் ஃபர்ம்வேர் (பலகையை முதலில் எழுப்பும் நிரல்) கோப்பு கார்டில் இல்லை. 7 முறை என்றால் கெர்னல், அதாவது ரிஸ்க் ஓஎஸ் இமேஜ் கோப்பு, கிடைக்கவில்லை. 8 முறை என்றால் ரேம் கோளாறு. 4 நீள மின்னலைத் தொடர்ந்து 4 குறு மின்னல் வந்தால், கார்டில் உள்ள ஃபர்ம்வேருக்கு இந்தப் பலகையைத் தெரியாது. பழைய பை 3 கார்டைப் பிடுங்கி பை 4இல் செருகும்போது வருவது பெரும்பாலும் இந்தக் குடும்பத்துக் கோளாறுதான். பை 4க்கு ‘ஸ்டார்ட்4’, ‘ஃபிக்ஸப்4’ என்று தனிக் கோப்புகள் வேண்டும்.

வானவில் சதுரம் வந்து அப்படியே நின்றால் ஃபர்ம்வேர் ஓடிவிட்டது, கெர்னல் கிளம்பவில்லை என்று பொருள். கார்டை வேறு கணினியில் போட்டு ‘கான்ஃபிக்’ டெக்ஸ்ட் கோப்பில் கெர்னல் பெயர் சரியா என்று பாருங்கள். விண்டோஸில் கார்டின் இந்தத் தொடக்கக் கோப்புகள் இருக்கும் சின்னப் பகுதி மட்டும்தான் தெரியும், ரிஸ்க் ஓஎஸின் சொந்த டிஸ்க் தெரியாது. ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்டால் தவறியும் சம்மதிக்காதீர்கள்.

சிவப்பு விளக்கு விட்டுவிட்டு அணைந்தால் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறது. மல்டிமீட்டர் இருந்தால் ஜிபிஐஓ எனும் முள் வரிசையில் 4ஆம் முள்ளுக்கும் 6ஆம் முள்ளுக்கும் இடையே அளக்கலாம். 4.8க்கு மேல் நிலையாக நிற்க வேண்டும். பிரோப் வழுக்கிப் பக்கத்து முள்ளைத் தொட்டால் பலகையே போய்விடும், பார்த்து வையுங்கள். ‘எப்போதாவது, காரணமே இல்லாமல்’ விழுகிறது என்று சொல்லப்படும் பைகளில் முதலில் மாற்ற வேண்டியது சார்ஜரும் கேபிளும். மாற்றிப் பார்க்காமல் மென்பொருளைத் தோண்டுவது நேர விரயம்.

சூட்டை அவ்வளவாகச் சந்தேகிக்க வேண்டாம். ரிஸ்க் ஓஎஸ் 5.30 ப்ராசஸரின் நான்கு கோர்களில் ஒன்றை மட்டும்தான் பயன்படுத்தும், மற்ற மூன்றும் சும்மா கிடக்கும்.

விளக்கெல்லாம் ஒழுங்கு, திரை மட்டும் கறுப்பு என்றால் மானிட்டர் ஏற்காத திரை அளவு அமைந்திருக்கலாம். பை 4இல் முதலில் கேபிளை டைப் சி பவர் துளைக்கு அருகிலுள்ள எச்டிஎம்ஐயில் மாட்டுங்கள். அப்படியும் வராவிட்டால் குருட்டுத்தனமாகவே F-வரிசையின் 12ஆம் கீயை அழுத்தி, ‘விம்ப்மோட் 28’ என்று தட்டி, ரிட்டர்ன் இரண்டு முறை. 28 என்பது 640க்கு 480, 256 நிறம். அதையும் காட்டாத மானிட்டர் அரிது.

கட்டம் 2: டெஸ்க்டாப் வருவதற்குள் நின்றுவிட்டது

கெர்னல் எழுந்ததும் டிஸ்க்கின் வேரிலுள்ள ‘!பூட்’ ஃபோல்டரை ஓட்டும். அதற்குள் ‘சாய்சஸ்’, அதற்குள் ‘பூட்’, அதற்குள் இரண்டு முக்கிய ஃபோல்டர்கள்: ‘ப்ரீடெஸ்க்’, ‘டாஸ்க்ஸ்’. டெஸ்க்டாப் வருவதற்கு முன் ஓடவேண்டியவை முதலாவதில், வந்தபின் ஓடவேண்டியவை இரண்டாவதில். நேற்றுவரை ஒழுங்காக வந்த கணினி இன்று வழியில் நின்றால், நேற்று நீங்கள் நிறுவிய ஏதோ ஒன்று இந்த இரண்டில் உட்கார்ந்திருக்கும்.

பவர் கொடுத்ததிலிருந்தே ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்திருந்தால் ‘!பூட்’ ஓடாது. அப்படி உள்ளே போய், ப்ரீடெஸ்கில் சந்தேகப்படும் கோப்புகளில் பாதியை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். திரும்ப இயக்குங்கள். எழுந்தால் குற்றவாளி நகர்த்திய பாதியில், எழாவிட்டால் மிச்சப் பாதியில். அந்தப் பாதியை இன்னொரு முறை பாதியாக்குங்கள். 16 கோப்பு இருந்தாலும் நாலு தடவையில் முடிந்துவிடும். ப்ரீடெஸ்கில் ரிஸ்க் ஓஎஸே வைத்த கோப்புகளும் இருக்கும், அவற்றை முதலில் தொடாதீர்கள். தேதியைப் பார்த்து, புதிதாக வந்தவற்றிலிருந்து தொடங்குங்கள்.

தொடக்கக் கோப்புகள் பெரும்பாலும் ‘ஓபே’ வகை, கட்டளைகளை வரிசையாக எழுதிய வெறும் டெக்ஸ்ட்தான். ‘ஓபே’ கட்டளையோடு கழித்தல் குறியும் வி எழுத்தும் சேர்த்து ஓட்டினால், ஒவ்வொரு வரியையும் திரையில் காட்டிவிட்டுச் செய்யும். கடைசியாகத் தெரிந்த வரியில்தான் சிக்கல்.

ஷிஃப்ட் பிடித்தும் பயனில்லை என்றால் அமைப்புகளைச் சேமிக்கும் ‘சிமாஸ்’ கோப்பு கெட்டிருக்கலாம். பழைய ஏக்கார்ன் கணினிகளில் இது பேட்டரி வைத்த சில்லில் இருந்தது. பையில் அப்படிச் சில்லு இல்லாததால் கார்டின் அந்தச் சின்னப் பகுதியில் ஒரு கோப்பாக உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் நன்றாக ஓடும் நாளிலேயே அதை நகலெடுத்து வைத்துக்கொண்டால், இந்தக் கோளாறு வரும்போது வேறு கணினியில் கார்டைப் போட்டு நகலைத் திரும்ப வைத்துவிடலாம்.

நடுவே: டெஸ்க்டாப்பை ஓட்டத் தெரிந்துகொள்ளுதல்

இடது பட்டனின் பெயர் செலக்ட், நடுவுக்கு மெனு, வலதுக்கு அட்ஜஸ்ட். ஜன்னலின் மேலே மெனு வரிசை எதையும் தேடாதீர்கள், கிடையாது. எங்கே சுட்டி நிற்கிறதோ அங்கே நடுப் பட்டனை அழுத்தினால் அந்த இடத்துக்கான மெனு வரும். மெனுவில் ஒன்றை அட்ஜஸ்டால் தேர்ந்தால் வேலை நடக்கும், மெனு மூடாது. நான்கைந்து அமைப்புகளை ஒரே மூச்சில் மாற்றும்போது இதன் அருமை தெரியும்.

சேமிப்பதுதான் எல்லோரையும் திணறடிப்பது. சேமிக்கும் பெட்டியில் ஒரு ஐகானும் பெயரும் மட்டும் இருக்கும். எந்த ஃபோல்டரில் வேண்டுமோ அதன் ஜன்னலை முதலில் திறந்துகொண்டு, ஐகானை அதற்குள் இழுத்துப் போட வேண்டும். ஐகானை இன்னொரு புரோகிராமின் ஜன்னலில் போட்டால் டிஸ்க்குக்குப் போகாமல் நேராக அங்கேயே போகும். இது பழகிவிட்டால் மற்ற கணினிகளின் ‘சேவ் ஆஸ்’ ஜன்னல்தான் எரிச்சலாக இருக்கும்.

பாதையில் ஃபோல்டர்களைப் பிரிப்பது புள்ளி, வேர் என்பது $ குறி. லினக்ஸில் புள்ளி இருக்கும் இடத்தில் இங்கே சாய்கோடு வரும். ‘கான்ஃபிக்’ கோப்பின் பெயரிலும் அப்படித்தான் தெரியும். ஆச்சரியக்குறியில் தொடங்கும் ஃபோல்டர் எல்லாம் புரோகிராம்கள். இரட்டை கிளிக் செய்தால் ஓடும், ஷிஃப்ட் பிடித்து இரட்டை கிளிக் செய்தால் உள்ளே திறக்கும். உள்ளே ‘!ரன்’ என்ற கோப்பைத் திறந்து படிக்கும் வழக்கத்தை இன்றே தொடங்குங்கள். அந்தப் புரோகிராமுக்கு எந்த மாட்யூல் (இயங்குதளத்தோடு சேரும் துணை நிரல்) வேண்டும், எவ்வளவு நினைவகம் வேண்டும் எல்லாம் அங்கே படிக்கும்படி எழுதியிருக்கும்.

தமிழ் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை: யூனிகோட் ஓரளவு உண்டு, ஆனால் இந்திய மொழி எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் வசதி இல்லை. தமிழ்க் கட்டுரை எழுத இதை நம்பி உட்காராதீர்கள்.

கட்டம் 3: ஓடிக்கொண்டிருந்தது, ஹேங் ஆகிவிட்டது

இங்கே ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். லினக்ஸில் கெர்னல் ஒவ்வொரு புரோகிராமிடமிருந்தும் நேரத்தைப் பிடுங்கி அடுத்ததற்குக் கொடுக்கும். ரிஸ்க் ஓஎஸ் டெஸ்க்டாப்பில் பிடுங்குவது கிடையாது. பட்டிமன்ற மேடையில் ஒரே மைக் இருப்பது போல, பேசுபவர் தானாகக் கொடுத்தால்தான் அடுத்தவர் பேச முடியும். மைக்கைக் கொடுக்கும் அழைப்புக்கு ‘விம்ப் போல்’ என்று பெயர். ஒரு புரோகிராம் முடிவில்லாத சுழலில் மாட்டி அதைக் கூப்பிடாமல் விட்டால் மற்ற அத்தனையும் காத்திருக்கும்.

எனவே ஹேங் ஆனதும் முதல் வேலை மவுஸை ஆட்டிப் பார்ப்பது. சுட்டியை நகர்த்துவது புரோகிராமின் வேலை இல்லை, இன்டரப்ட் (வன்பொருள் ப்ராசஸரை இடைமறித்துக் கூப்பிடுவது) வழியாகத் தனியே நடக்கிறது. சுட்டி நகர்கிறது, எதைக் கிளிக் செய்தாலும் பதில் இல்லை என்றால் ஏதோ ஒரு புரோகிராம் மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆல்ட் பிடித்து பிரேக் அழுத்துங்கள். அந்தப் புரோகிராமின் பெயரோடு ஒரு பெட்டி வரும்: நிறுத்து, ரத்து செய், அடுத்த டாஸ்க். பெயரைப் படித்துவிட்டு நிறுத்துங்கள். அவசரத்தில் சம்பந்தமில்லாத ஒன்றை நிறுத்தி, சேமிக்காத வேலையை இழப்பவர்கள் உண்டு. நிறுத்திய பிறகு மற்றவற்றில் உள்ளதைச் சேமித்துவிட்டு ஒருமுறை மறுதொடக்கம் செய்வது நல்லது.

சுட்டியும் நகரவில்லை, கேப்ஸ் லாக் விளக்கும் மாறவில்லை என்றால் கோளாறு இன்னும் அடியில்: ஏதோ ஒரு மாட்யூல் இன்டரப்டை அடைத்துவிட்டது, அல்லது யுஎஸ்பி போய்விட்டது. கன்ட்ரோல் பிடித்து பிரேக் அழுத்திப் பாருங்கள், அது ரீசெட். அதுவும் கேட்காவிட்டால் பவரைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. யுஎஸ்பி ஹப்பும் விளக்கெரியும் கேமிங் கீபோர்டும் இருந்தால் கழற்றிவிட்டு, சாதாரணக் கீபோர்டை நேராகப் பலகையில் செருகி மீண்டும் முயலுங்கள்.

இதோடு சேர்ந்த ஒரு பழக்கம். கட்டளை தட்ட இரண்டு இடம் உண்டு. F-வரிசையின் 12ஆம் கீ மட்டும் அழுத்தினால் திரையின் அடியில் * குறியோடு கட்டளை வரி வரும். அது திறந்திருக்கும் வரை டெஸ்க்டாப் முழுக்க நிற்கும், டவுன்லோடும் நிற்கும். காலி வரியில் ரிட்டர்ன் அழுத்தினால் திரும்பலாம். கன்ட்ரோலோடு சேர்த்து அழுத்தினால் டாஸ்க் விண்டோ என்ற ஜன்னல் திறக்கும். அதற்குள் ஓடுவதிடமிருந்து மட்டும் ரிஸ்க் ஓஎஸ் நேரத்தைப் பிடுங்கும். சந்தேகமான எதையும் அங்கேயே ஓட்டுங்கள்.

கட்டம் 4: பிழைப் பெட்டி வந்தது

இது நல்ல செய்தி, தடயம் கிடைத்துவிட்டது. புரோகிராம் தவறிவிட்டிருக்கலாம் என்று பெட்டி சொல்லும், தொடரவா விடவா என்று கேட்கும். இரண்டையும் அழுத்தாமல் ‘டிஸ்கிரைப்’ பட்டனை அழுத்துங்கள். ‘இன்டர்னல் எரர்: அபார்ட் ஆன் டேட்டா டிரான்ஸ்ஃபர்’ போன்ற வரியும், & குறியோடு எட்டு இலக்க முகவரியும் வரும். பேப்பரில் எழுதுங்கள், அல்லது போனில் படம் பிடியுங்கள்.

முகவரியின் முதல் இலக்கங்கள்தான் முக்கியம். புரோகிராம்கள் &8000இல் தொடங்கும் இடத்தில் ஓடும், ஒவ்வொன்றும் தான் மட்டுமே அங்கே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். ஆகவே &00 அல்லது &1 என்று தொடங்கும் முகவரி என்றால் புரோகிராமின் சொந்த நிரலில் விழுந்திருக்கிறது. &20000000இல் தொடங்குவது ஆர்எம்ஏ, மாட்யூல்கள் எல்லாம் கூட்டுக்குடித்தனம் நடத்தும் பகுதி. &2 என்று தொடங்கினால் ஏதோ ஒரு மாட்யூலைச் சந்தேகியுங்கள். &எஃப்சி என்று தொடங்கினால் அது ரோம், அதாவது ரிஸ்க் ஓஎஸே.

மூன்றாவதைப் பார்த்ததும் ‘இயங்குதளத்திலேயே பிழை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் புரோகிராம் ஒரு தப்பான முகவரியை ரோமிடம் கொடுத்து ‘இதில் எழுது’ என்று சொல்லியிருக்கும், எழுதப்போன ரோம் இடறியிருக்கும். சி மொழி நூலகமும் ரோமில்தான் இருக்கிறது என்பதால் சி புரோகிராம்களின் பிழைகள் பல அங்கேயே வந்து விழும்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். டாஸ்க் விண்டோவைத் திறந்து ‘பேசிக்’ என்று தட்டுங்கள். பிபிசி பேசிக் என்ற நிரல்மொழி ரோமிலேயே இருப்பதால் உடனே வந்துவிடும். ஆச்சரியக்குறி, & குறி, எஃப், சி, ஆறு பூஜ்யம், சமக்குறி, 0, ரிட்டர்ன். எழுத முடியாத ரோமில் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள், அபார்ட் வரும். அதில் காட்டும் முகவரி &எஃப்சி என்று தொடங்கும், ஏனென்றால் விழுந்தது பேசிக் மொழிபெயர்ப்பானின் நிரலில். தப்பு யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். அடுத்து ‘ரிப்பீட் அன்டில் ஃபால்ஸ்’ என்று பெரிய எழுத்தில் தட்டி, முடிவில்லாச் சுழலிலும் டெஸ்க்டாப் ஓடிக்கொண்டிருப்பதைப் பாருங்கள். எஸ்கேப் அழுத்தினால் வெளியே வரும். வெளியேற ‘க்விட்’.

விழுந்த உடனே 12ஆம் கீயை அழுத்தி ‘ஷோரெக்ஸ்’ தட்டினால், விழுந்த கணத்தில் ப்ராசஸரின் உள் சேமிப்பிடங்களான ரெஜிஸ்டர்களில் என்ன இருந்தது என்று காட்டும். அசெம்பிளி எனும் ப்ராசஸர் மட்ட மொழி தெரியாதவருக்கும் பயன் உண்டு: ஏதாவது ரெஜிஸ்டரில் 0 அல்லது மிகச் சிறிய எண் இருந்தால், நினைவகம் கேட்டுக் கிடைக்காததைச் சரிபார்க்காமல் பயன்படுத்தியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஏக்கார்ன் காலத்துப் பழைய புரோகிராம் ஓட்டிய மாத்திரத்தில் விழுந்தால் பழுது பார்க்க முயலாதீர்கள். அந்தக் கால ஏஆர்எம்மில் நிரல் முகவரிக்கு 26 பிட்தான், மீதி பிட்களில் நிலைக் குறிகள் இருந்தன. இப்போதைய ப்ராசஸரில் அந்த முறையே இல்லை. 32 பிட்டுக்கு மாற்றிய பதிப்பைத் தேடுங்கள், அல்லது பழைய ப்ராசஸரைப் போல நடிக்கும் ஏமுலார் போன்ற எமுலேட்டரில் ஓட்டுங்கள். அசெம்பிளி கலக்காத பழைய பேசிக் நிரல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மாட்யூல்கள்

மாட்யூல் என்பது இயங்குதளத்தின் பாகமாகவே ஆகிவிடும் நிரல். ப்ராசஸரின் சிறப்புரிமை மட்டத்தில் ஓடும். ஒன்று தப்பாக எழுதினால் இன்னொன்றின் தரவு கெடும், பத்து நிமிடம் கழித்துச் சம்பந்தமே இல்லாத இடத்தில் விழும். ‘எப்போது விழும் என்றே சொல்ல முடியவில்லை’ என்ற வகைக்கு, பவர் சப்ளைக்கு அடுத்த காரணம் இதுதான்.

‘மாட்யூல்ஸ்’ என்று தட்டினால் எல்லாம் பட்டியலாக வரும், முகவரியோடு. பிழை முகவரி எந்த இரண்டு மாட்யூல் முகவரிகளுக்கு நடுவே விழுகிறது என்று பார்த்தால் பெயர் கிடைத்துவிடும். ‘ஹெல்ப்’ போட்டுப் பெயரைக் கொடுத்தால் பதிப்பும் தேதியும் தெரியும். ‘ஆர்எம்கில்’ போட்டு நீக்கலாம். ஆனால் யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கும் மாட்யூலை நீக்கினால் அவர்களும் சேர்ந்து விழுவார்கள். ப்ரீடெஸ்கிலிருந்து எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்வதே பத்திரம்.

மாட்யூல் பதிப்புக் குழப்பம் பெரும்பாலும் ‘!சிஸ்டம்’ ஃபோல்டரில் தொடங்கும். பழைய புரோகிராம் ஒன்று தன்னுடன் ஒரு ‘!சிஸ்டம்’ கொண்டுவரும். அதை இழுத்து உங்களுடையதன் மேல் போட்டால் புது மாட்யூல்கள் மேல் பழையவை உட்கார்ந்துவிடும். ‘கான்ஃபிகர்’ ஜன்னலில் சிஸ்டம் என்ற பகுதியைத் திறந்து அங்கே இழுத்து விடுங்கள். அது பதிப்பைப் பார்த்து, புதியதை மட்டும் சேர்க்கும்.

கிராஷ் மாதிரித் தெரியும், கிராஷ் அல்லாதவை

இறக்கிய புரோகிராம் ஓடவே இல்லை, கோப்புகள் எல்லாம் ஒரே மாதிரி ஐகானோடு கிடக்கின்றன: விண்டோஸில் ஜிப்பைப் பிரித்துவிட்டு நகலெடுத்திருக்கிறீர்கள். ரிஸ்க் ஓஎஸில் கோப்பு வகை பெயரின் வாலில் இல்லை, கோப்போடு சேர்த்துத் தனியாகச் சேமிக்கப்படும் மூன்று இலக்கப் பதினாறடிமான எண். மற்ற கணினிகளில் பிரித்தால் அது உதிர்ந்துபோகும். ஜிப்பை அப்படியே கொண்டுவந்து ரிஸ்க் ஓஎஸுக்குள் பிரியுங்கள். ஒன்றிரண்டு கோப்புதான் என்றால் மெனுவில் ‘செட் டைப்’ போட்டு வகையைக் கொடுத்துவிடலாம்.

கோப்பை இரட்டை கிளிக் செய்தால் ‘இந்த வகைக்கு ஓட்டும் முறை குறிப்பிடப்படவில்லை’ என்கிறது: அதைத் திறக்கும் புரோகிராமை ஃபைலர் (ஃபோல்டர் ஜன்னல்களைக் காட்டும் நிரல்) இன்னும் ‘பார்க்கவில்லை’. புரோகிராம் இருக்கும் ஃபோல்டரை ஒருமுறை திறந்தாலே போதும். அப்போது அதன் ‘!பூட்’ கோப்பு ஓடி, எந்த வகை தன்னுடையது என்று பதிவு செய்துகொள்ளும்.

நினைவகம் போதவில்லை என்ற பிழை, பையில் 1 ஜிபி காலியாக இருந்தும் வரலாம். ‘!ரன்’ கோப்பில் ‘விம்ப்ஸ்லாட்’ என்ற வரியில் 640கே என்று எழுதியிருக்கும், 90களில் அது தாராளம். எண்ணைக் கூட்டிச் சேமித்துவிட்டு ஓட்டுங்கள். டாஸ்க் மேனேஜர் ஜன்னலில் ‘நெக்ஸ்ட்’ என்ற பட்டையை இழுத்தும் கூட்டலாம், ஆனால் ‘!ரன்’ தன் எண்ணைச் சொல்லிவிட்டால் அதுதான் செல்லும்.

நெட்சர்ஃப் உலாவியில் ஒரு தளம் பாதி வெறுமையாக வந்தால் கிராஷ் என்று எண்ண வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் ஆதரவு அதில் குறைவு.

டிஸ்க்

ஃபைல்கோர் என்ற இதன் கோப்பு முறையில் ஜர்னல் (எழுதப்போவதை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது பவர் போனால், எந்தத் துண்டு யாருக்குச் சொந்தம் என்ற வரைபடம் பாதியில் நின்றுவிடும். மின்வெட்டு உள்ள ஊரில் சின்ன யூபிஎஸ் போடுவது வீண் செலவு இல்லை. அணைக்கும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், 12ஆம் கீ மூன்றையும் சேர்த்து அழுத்தி, அணைக்கலாம் என்று பெட்டி வந்தபின் பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஹேங் ஆகிப் பவரைப் பிடுங்க நேர்ந்தால், அடுத்த முறை எழுந்ததும் ‘செக்மேப்’ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். வரைபடம் சரி என்றால் தொடரலாம். ‘புரோக்கன் டைரக்டரி’ என்று எங்காவது வந்தால் அந்தக் கார்டில் இனி எதையும் எழுதாதீர்கள். படிக்க முடிந்ததை எல்லாம் யுஎஸ்பி பென்டிரைவுக்கு நகலெடுங்கள். நகலெடுக்கும் முன் ஜிப் செய்துவிட்டால் கோப்பு வகைகள் பத்திரமாக இருக்கும். பிறகு கார்டில் இமேஜைப் புதிதாக எழுதுங்கள். டிஸ்க்நைட் என்ற விலைக்கு விற்கும் கருவி பல உடைப்புகளைச் சரிசெய்யும். ஆனால் நகல் கைவசம் இருப்பவருக்கு அது தேவைப்படாது. எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் முழுக் கார்டையும் வேறு கணினியில் இமேஜாக எடுத்து வையுங்கள், 2 ஜிபிதான்.

உதவி கேட்கும்போது

ரிஸ்க் ஓஎஸ் பயன்படுத்துபவர்கள் குறைவு, ஆனால் உங்கள் பிழையைச் சரிசெய்பவரே பதில் சொல்லும் அளவுக்குக் குறைவு. ‘ஹேங் ஆகிறது’ என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. ‘எஃப்எக்ஸ் 0’ தட்டினால் வரும் பதிப்பும் தேதியும், பலகையின் மாடல், டிஸ்கிரைப் காட்டிய முழு வரி, ஷோரெக்ஸ் வெளியீடு, சந்தேக மாட்யூலின் ஹெல்ப் வரி ஆகியவற்றைக் கொடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ரிப்போர்ட்டர் என்ற கருவியை முன்கூட்டியே ஓட்டியிருந்தால், விழுவதற்கு முன் ஓடிய கட்டளைகளும் பிழைகளும் அதன் ஜன்னலில் வரிசையாக இருக்கும், அதையும் சேர்த்து அனுப்புங்கள். ‘!பூட்’ ஓடாமல் ஷிஃப்ட் பிடித்து எழுப்பிய பிறகும் அதே இடத்தில் விழுகிறதா என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். எப்படியும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.